அப்பா. இன்று.

நாய்கள் பேச ஆரம்பித்த வருடம் மனிதர்கள் பெரிதும் ஏமாந்துபோனார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இத்தனை காலம் சோறு போட்டிருக்கிறோம், வாயைத் திறந்தால் முதலில் ஒரு நன்றியாவது வரும் என்று நம்பியிருந்தார்கள். தொலைக்காட்சியில் நேரலை ஏற்பாடு செய்து, ஒரு லாப்ரடாரின் கழுத்தில் நாயைப் பேசவைக்கும் பட்டையைக் கட்டினார்கள். தொகுப்பாளர் அழுவதற்குத் தயாராக மண்டியிட்டு உட்கார்ந்தார். நாய் அவர் சட்டையை முகர்ந்தது. "பிரியாணி. நேற்று," என்றது. பிறகு படுத்துத் தூங்கிவிட்டது.

பட்டையால் அவ்வளவுதான் முடியும். நாயின் மூக்கு சொல்வதை வார்த்தையாக்கும். மனசு சொல்வது அதற்குக் கேட்காது. என்ன வாசனை, எவ்வளவு பழையது என்று இரண்டே தகவல். காலங்கள் நான்கு: இப்போது, இன்று, நேற்று, பழையது. ஆட்களின் பெயர்களை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். குரல், ரயில் நிலையத்தில் வண்டியின் தாமதத்துக்கு வருந்துகிற பெண்ணின் குரல். வேறு குரல் வேண்டுமென்றால் தனிச் சந்தா.

கேளம்பாக்கம் தாண்டி இருந்த சாகரா என்க்ளேவில் பட்டை வந்த புதிதில் ஒரே கொண்டாட்டம். (பதினான்கு கோபுரங்கள், எதிலிருந்து பார்த்தாலும் கடல் தெரியாது. பெயரில் இருக்கிறதே, போதாதா என்று கட்டியவர் நினைத்திருக்கலாம்.) கொண்டாட்டம் ஒரு மாதம்தான். ஐந்தாவது மாடியில் ஒரு பொமரேனியன், நடைப்பயிற்சி முடித்து வந்த வீட்டுக்காரரை முகர்ந்து "புதிய ஆள். இப்போது," என்று சொன்னதில் ஒரு கல்யாணம் முறிந்தது. ஒன்பதாவது மாடியில், விளையாடிவிட்டு வியர்வையோடு வந்த பேரனை முகர்ந்த நாய், போன வருடம் காலமான தாத்தாவின் பெயரைச் சொல்லி, "இப்போது" என்றும் சேர்த்துக்கொண்டது. அந்த வீட்டில் முதலில் புரோகிதரைக் கூப்பிட்டார்கள், பிறகுதான் கம்பெனியைக் கூப்பிட்டார்கள். ரத்த உறவுகளின் வியர்வையில் சில சமயம் இப்படிக் குழம்பும், அடுத்த அப்டேட்டில் சரிசெய்துவிடுவோம் என்றது கம்பெனி. புரோகிதர் அப்படியெல்லாம் எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை.

குடியிருப்போர் சங்கம் அவசரமாகக் கூடியது. பொது இடங்களில் நாய்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மனிதர்கள் எப்போதும்போல் பேசலாம்.

பன்னிரண்டாவது மாடியில் இருந்த இவாஞ்சலினுக்கு, எல்லோருக்கும் இவா, இந்தத் தீர்மானம் தெரியும். ஆனால் அவளுக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது கலெக்டர் மட்டுமே. அவனையும் ஊமையாக்கிவிட்டு என்ன செய்வது? பட்டையின் சத்தத்தை ஆகக் குறைத்து, ஆனிலேயே வைத்திருந்தாள்.

கலெக்டர் என்பது நாயின் பெயர். அவளுடைய அப்பா சேவியர் வைத்தது. அவரைக் கலெக்டராக்க வேண்டும் என்று அவர் வீட்டில் ரொம்ப ஆசைப்பட்டார்களாம். அவர் எஞ்சினியராகி, கடலுக்குள் நட்டிருக்கும் காற்றாலைகளைப் பழுதுபார்க்கப் போய்விட்டார். "வீட்ல யாராவது ஒரு ஆள் ஆகணும்லா," என்று நாய்க்குட்டியின் தலையில் அந்தப் பெயரை வைத்தார். அதுவும் பதவிக்கேற்ப, தெருவில் கிடைத்த செருப்பையெல்லாம் கலெக்ட் செய்து கட்டிலுக்கடியில் சேர்த்தது.

அவர் கரைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் புதையல் வேட்டை நடக்கும். எதையாவது ஒளித்துவைப்பார். கோலிக்குண்டு, கடலைமிட்டாய், ஒருமுறை உயிருள்ள நண்டு. இவாவும் கலெக்டரும் கோபுரம் முழுக்க அலைவார்கள். கடைசித் தடவை வேலைக்குக் கிளம்பும்போது, லிப்ட் கதவு மூடுகிற நேரத்தில் தலையை நீட்டிச் சொன்னார்:

"இந்தத் தடவ பெரிய புதையல். நான் வர்றதுக்குள்ள கண்டுபிடி, பாப்போம்."

"க்ளூ?"

"கலெக்டர்ட்ட கேளு."

கதவு மூடியது. அந்த வாரம் கடலில் காற்று அதிகம். மூன்று பேரோடு போன படகு கவிழ்ந்தது. மற்ற இருவரும் கிடைத்தார்கள். அவர் கிடைக்கவில்லை. ஆள் இல்லாமலே கோயிலில் பூசை வைத்தார்கள். போட்டோவுக்கு மாலை போட்டார்கள். அப்போது இவாவுக்கு ஏழு வயது. 'கிடைக்கவில்லை' என்ற சொல்லுக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே அர்த்தம், இன்னும் சரியாகத் தேடவில்லை என்பது.

இப்போது ஒன்பது. அம்மா ரெஜினா ஒரு பரிசோதனைக்கூடத்தில் குடிநீரில் கிருமி தேடும் வேலை பார்த்தாள். தண்ணீரில் இல்லாத கிருமிகளை வீட்டில் தேடினாள். வெளியே போய்வந்தால் குளி, பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கினால் குளி, நாயைத் தொட்டால் குளி. ஏசி வீடு, ஏசி பஸ், ஏசி வகுப்பு, எலுமிச்சை சோப்பு. வியர்ப்பதற்கு வாய்ப்பே இல்லாத வளர்ப்பு. கீழே மற்ற பிள்ளைகள் ஓடி விளையாடுவதைப் பன்னிரண்டாவது மாடியிலிருந்து பார்ப்பாள். அங்கிருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே உயரம்.

பட்டை வாங்கிவந்த அன்றே, கட்டிலுக்கடியில் கலெக்டர் பதுக்கியிருந்த அப்பாவின் இடதுகால் ரப்பர் செருப்பை எடுத்து அவன் மூக்கில் வைத்து, "அப்பா" என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை. செருப்பை எப்போது காட்டினாலும் ரயில்நிலையக் குரல் வருத்தமில்லாமல் சொல்லும்: "அப்பா. பழையது."

அந்தச் சனிக்கிழமை காலையில்தான் அது வேறு ஒன்றைச் சொன்னது.

அம்மா அரைநாள் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். இவா கலெக்டரைக் கூட்டிக்கொண்டு லிப்டில் இறங்கினாள். கலெக்டர் பின்னங்காலில் எழுந்து நின்று, பொத்தான்களில் மூக்கை வைத்தான். இரண்டாம் அடித்தளப் பொத்தானில், "அம்மா. இன்று."

சரி, அம்மா அமுக்கியிருப்பாள்.

மூக்கு நகர்ந்து தரைத்தளப் பொத்தானுக்கு வந்தது. வால் அப்படியே நின்றது.

"அம்மா. இன்று," என்றது பட்டை. பிறகு, வண்டி எண் மாறியதை அறிவிப்பதுபோல, "அப்பா. இன்று."

லிப்ட் தரைத்தளத்தில் திறந்தது, மூடியது. யாரோ மேலே கூப்பிட, அது ஏறத் தொடங்கியது. இவா இறங்கவில்லை. ஒன்பதாவது மாடிக்காரப் பேரன் உள்ளே வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த லிப்டுக்குக் காத்திருப்பதாகச் சொல்லி இறங்கிவிட்டான்.

அவள் யோசித்தாள். அம்மா முதலில் கீழ் அடித்தளத்துக்குப் போயிருக்கிறாள். அப்போது அவள் விரலில் அம்மா வாசனை மட்டும்தான். அங்கிருந்து திரும்பி, வெளியே போகத் தரைத்தளத்தை அமுக்கியிருக்கிறாள். அப்போது விரலில் அப்பாவும் இருந்தார்.

அப்படியானால் அப்பா கீழே இருக்கிறார்.

பெரிய புதையல் என்றாரே! தன்னையே ஒளித்துவைத்திருக்கிறார். ரெண்டு வருஷமாக! அம்மாவுக்குத் தெரியும், அம்மா கள்ள ஆட்டம் ஆடுகிறாள். இதை இத்தனை நாள் தான் கண்டுபிடிக்காததற்கு இவாவுக்கு வெட்கமாக இருந்தது. அங்கே அவருக்குப் பசிக்கும் என்று தோன்றியது. மேலே போய் டப்பாவிலிருந்து நான்கு முறுக்கை எடுத்து கவுன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கினாள்.

அடித்தளத்துக்குத் தனியாகப் பிள்ளைகள் போகக்கூடாது என்று லிப்டில் கட்டுப்பாடு உண்டு. படிக்கட்டு வழி, சங்கச் செயலாளர் கஜபதியின் மேசையைத் தாண்டித்தான் போகும். ஓய்வுபெற்ற பிறகும் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருப்பவர் அவர். பக்கத்து பெஞ்சில் அவர் மனைவி விமலா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரது, இவாவா? எங்க கிளம்பிட்ட?"

"சும்மா அங்கிள்."

"நாய்க்குப் பட்டை ஆஃப்ல இருக்கா? தீர்மானம் தெரியும் இல்ல?"

"ஆஃப்லதான் அங்கிள். அழகுக்குப் போட்டிருக்கான்."

கலெக்டர் எட்டி அவர் விரல்களை முகர்ந்தான்.

"ஜாங்கிரி. இப்போது."

கீரை ஆய்கிற கை நின்றது. "என்னங்க சொல்லுது அது?"

"நாய்தானே. ஏதோ உளறுது."

"நாய் உளறாது. நீங்கதான் உளறுவீங்க. சுகர் முந்நூறு ஏறி, டாக்டர் காறித் துப்பாத குறையா..."

"இரு விமலா, வரேன்," என்று கஜபதி எழுந்து, இவாவைப் படிக்கட்டுப் பக்கம் அவசரமாக ஒதுக்கிக்கொண்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "எங்க போவணும் உனக்கு?"

"கீழ. ரெண்டாவது பேஸ்மென்ட்."

அவர் முகத்திலிருந்து ஜாங்கிரி மறைந்தது. "உங்கம்மாவும் தினம் அங்கதான் போறாங்க. கேமராவுல பாப்பேன். கடைசி மூலைக்குப் போவாங்க. அசையாம இருந்தா அங்க லைட்டு அணைஞ்சிடும், தெரியும் இல்ல? அணைஞ்சிடும். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எரியும். திரும்பி வருவாங்க. கேக்கணும்னு நினைப்பேன். என்னத்தக் கேக்கறது?"

"அங்க வேற யாராச்சும் இருக்காங்களா அங்கிள்?"

"இருட்டுல எப்படிம்மா தெரியும்?" என்றார். "போ. பத்து நிமிஷம். பட்டையை நான் பாக்கல, ஜாங்கிரியை நீ பாக்கல."

கீழே போகப் போகக் காற்று கனத்தது. மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்த தடம் சுவரில் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. இவா கால் வைக்கும் இடத்தில் மட்டும் விளக்கு எரிந்தது; தாண்டியதும் பின்னால் அணைந்தது. முன்னாலும் இருட்டு, பின்னாலும் இருட்டு. உலகத்தில் தானும் கலெக்டரும் நிற்கிற ஒரு கட்டம் மட்டும்தான் மிச்சம் இருப்பதுபோல் இருந்தது.

"எண்ணெய். பழையது," என்றது பட்டை. "எலி. இன்று. அம்மா. இன்று. அம்மா. நேற்று. அம்மா. பழையது." தினம் நடந்த வழியில் அம்மா அடுக்கடுக்காகக் கிடந்தாள்.

கடைசி மூலை. ஒரு தூணுக்குப் பின்னால், சாம்பல் நிற உறை போர்த்தி ஏதோ நின்றது. ஆள் குந்தியிருக்கிற உயரம். கலெக்டர் வாலை ஆட்டவில்லை. முனகினான்.

"அப்பா. இன்று."

இவா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, ஆட்டத்தில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"அவுட்! அப்பா, பாத்துட்டேன். வெளிய வா."

உறை அசையவில்லை. அவர் எப்போதும் இப்படித்தான், இரண்டு மூன்று தடவை கூப்பிட்டால்தான் வருவார். இவா அசையாமல் நின்றாள். விளக்கு அணைந்தது. இருட்டில் கலெக்டரின் மூச்சு மட்டும் கேட்டது.

"முறுக்கு கொண்டாந்திருக்கேன்," என்றாள், கொஞ்சம் சத்தமாக.

கடைசியில் கையை நீட்டி உறையை இழுத்தாள். விளக்கு எரிந்தது.

அப்பாவின் ஸ்கூட்டர். சக்கரத்தில் காற்றில்லை. கண்ணாடியில் சின்னதாக ஒரு மஞ்சள் ஹெல்மெட் தொங்கியது. அதில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. சீட்டின் மேல் தடித்த பிளாஸ்டிக் பை ஒன்று, பட்டுப்புடவையைப் பூச்சி அரிக்காமல் காற்றுப்புகாது மூடிவைப்பார்களே, அந்த மாதிரி ஜிப் வைத்தது. உள்ளே அப்பாவின் கறுப்பு ஹெல்மெட்.

இவா ஜிப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திறந்தாள்.

"அப்பா. இப்போது," என்றது பட்டை. "அப்பா. இப்போது. அப்பா. இப்போது."

கலெக்டர் பைக்குள் தலையை விட்டான். பின்னங்கால்கள் நடுங்கின. அவனுக்குத் தெரிந்த ஒரே கணக்கில் அவர் வந்துவிட்டார். இவா ஹெல்மெட்டை வெளியே எடுத்தாள், திருப்பினாள், உள்ளே பார்த்தாள். அவர் அதில் இல்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் தலையில் மாட்டிக்கொண்டாள். அது தோள்வரை இறங்கியது. உள்ளே தேங்காயெண்ணெய், கொஞ்சம் டீசல், வெயில். அவர் அவளைத் தூக்கி முகத்தைக் கழுத்தில் புதைத்துக்கொள்ளும்போது வருகிற அதே வாசனை.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. விளக்கு அணைந்தது. வெளியே கலெக்டர் சுற்றிச்சுற்றி வருகிற சத்தம். விளக்கு எரிந்தது. "அப்பா. இன்று," என்று கேட்டது. அப்புறம் நெடுநேரம் கழித்து, "அப்பா. நேற்று."

பிறகு செருப்புச் சத்தம். யாரோ ஓடிவருகிறார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே வந்தன.

"ஏட்டி! என்ன காரியம்ட்டி பண்ணி வச்சிருக்க!"

அம்மா. கஜபதி சொல்லியிருப்பார், தோளிலிருந்து கைப்பையைக்கூட எடுக்கவில்லை. ஹெல்மெட்டைப் பிடுங்கி, பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்தாள். ஜிப் பாதியில் சிக்கியது. இன்னும் வேகமாக இழுத்தாள். பிறகு கை நின்றது. பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிருமிகள் நிறைந்த தரையில்.

"எவ்வளவு நேரமாத் திறந்து கிடக்கு?"

"தெரியல." இவா நாயைக் காட்டினாள். "கலெக்டர் சொன்னான்மா. அப்பா இன்னிக்குன்னு. அப்பா இங்க ஒளிஞ்சிருக்காருன்னு..."

அம்மா நாயைப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள். மெதுவாகப் புரிந்தது.

"அதுக்கு எப்படி அப்பா வாசம் தெரியும்?"

"நான்தான் சொல்லிக்குடுத்தேன். செருப்ப வச்சு."

அம்மா பரிசோதனைக்கூடத்தில் யாருக்கோ விளக்குகிற குரலில் பேச முயன்றாள்.

"நாய்க்குத் தேதி தெரியாது, இவா. வாசம் எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு பாத்துத்தான் நேத்து, இன்னைக்குன்னு சொல்லும். காத்துப் பட்டாத்தான் கரையும். மூடி வச்சா அப்படியே நிக்கும். அந்தப் பைக்குள்ள அப்பா கெளம்பிப் போன அன்னைக்கே நிக்காரு. அவனுக்கு அது இன்னைக்குதான்."

"அப்ப அப்பா..."

"இல்லட்டி."

ரெண்டு வருஷத்தில் அம்மா அந்த வார்த்தையை முழுசாகச் சொன்னது அன்றுதான். விளக்கு அணைந்தது. இருவரும் அசையவில்லை.

"தெனம் ஜிப்ப ஒரு வெரக்கட அகலந்தான் திறப்பேன்," என்றாள் அம்மா இருட்டில். "ஒரு மூச்சு. உடனே மூடிருவேன். இன்னும் நாலஞ்சு வருஷத்துக்கு வரும்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன்."

"சாரிம்மா."

"நீ பொண்ணு. உனக்கும் பங்கு இருக்கு. ஒரே நாள்ல எடுத்துக்கிட்ட, அவ்வளவுதான்."

இவா கையை நீட்டினாள், விளக்கு எரிந்தது. மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "இது?"

"அதாம் புதையல். உன்ன முன்னால நிக்க வச்சு ஒரு ரவுண்டு ஓட்டணும்னு வாங்கினது."

"உனக்குத் தெரியுமா?"

"உறையைப் போத்தும்போதே பாத்துட்டேன்."

"ஏன்மா சொல்லல?"

"நீ கண்டுபிடிச்சிட்டா ஆட்டம் முடிஞ்சிரும்லா."

இவா அதைப் போட்டுப் பார்த்தாள். காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தாள், இறங்கவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு தலைக்கு அது மிகச் சரியாக இருந்திருக்கும்.

நால்வருக்கான முறுக்கை மூவரும் அங்கேயே உட்கார்ந்து தின்றார்கள். யாரும் குளிக்கச் சொல்லவில்லை.

அடுத்த வாரங்களில் அம்மா சில தடவை கலெக்டரையும் கீழே கூட்டிப்போய்ப் பையைத் திறந்து காட்டினாள். "அப்பா. பழையது," என்றது பட்டை. பிறகொரு நாள், "பிளாஸ்டிக்," என்று மட்டும் சொன்னது. அன்றோடு அம்மா கீழே போவதை நிறுத்தினாள். கேமராவில் அவளைக் காணாத கஜபதி, உடம்புக்கு முடியவில்லையா என்று விமலாவை அனுப்பி விசாரித்தார்.

அந்த மாதம் அம்மா ஒரு சைக்கிள் வாங்கிக்கொடுத்தாள். கூடவே, தலையை அளந்து, ஒரு நீல ஹெல்மெட். ஏனென்று கேட்டதற்கு, "சும்மாதான்," என்றாள். ஒன்பதாவது மாடிப் பேரன் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவதாகச் சொல்லி, சொல்லாமல் விட்டுவிட்டான். இவா விழுந்தாள், எழுந்தாள், முட்டியில் ரத்தத்தோடு ஏழாவது கோபுரம்வரை ஓட்டிப்போய்த் திரும்பினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு உச்சியிலிருந்து வியர்வை ஊற்றியது.

கதவைத் திறந்து உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. "சோப்பு தீந்துடுச்சாம்மா? குளிக்கப் போறேன்," என்று கத்திக்கொண்டே ஷூவைக் கழற்றக் குனிந்தாள். கலெக்டர் ஓடிவந்து அவள் கழுத்தில் மூக்கை வைத்தான். வால் நின்றது. பிறகு உடம்பு முழுவதும் ஆடத் தொடங்கியது.

"அப்பா," என்றது பட்டை. "இப்போது."

சமையலறையில் கரண்டி விழுந்தது.

அம்மா வந்து நின்றாள். அவள் கையிலிருந்த போனில் அதே நேரம் பட்டைக் கம்பெனியின் செய்தி மினுக்கியது: உறவினர் வியர்வைக் குழப்பம் புதிய பதிப்பில் சரிசெய்யப்பட்டுள்ளது. நிறுவலாமா?

அம்மா அதைப் படித்தாள். 'வேண்டாம்' என்பதை அமுக்கினாள். உறுதியாகத்தானா என்று அது மறுபடி கேட்டது, மறுபடி அமுக்கினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, மகளின் ஈரமான உச்சந்தலையில் மூக்கைப் புதைத்தாள்.

"அம்மா, நாறுதும்மா. விடு, குளிச்சிட்டு வந்துர்றேன்."

"இரு," என்றாள் அம்மா. "அப்புறம் குளிக்கலாம்."